மேப்புல புள்ளி தள்ளி இருந்தா மக பொய் சொல்றான்னு அர்த்தமா?

கேள்வி: எம் பொண்ணு கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி ரெண்டாவது வருஷம் படிக்கிறா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவா. கூகுள் மேப்ஸ்ல லொகேஷன் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்னு சொன்னேன், வச்சிருந்தா. போன மாசம் லைப்ரரில இருக்கேன்னா, மேப்புல ரெண்டு தெரு தள்ளிக் காட்டுச்சு, கேட்டேன், சண்டையாகி அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டா. என்ன நம்பலையாம்மான்னு அழுவுறா. பயந்து கேட்டது தப்பா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: பயந்தது தப்பே இல்லைங்க. பஸ் வர்ற நேரம் தாண்டிட்டா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிற அம்மா மனசு எனக்குத் தெரியும். ஆனா அந்தப் புள்ளிய சாட்சியா வச்சு விசாரிச்சீங்க பாருங்க, அங்கதான் சறுக்கிடுச்சு. வெட்டவெளில ஜிபிஎஸ் சில மீட்டருக்குள்ள சரியாச் சொல்லும், கான்கிரீட் கட்டடத்துக்குள்ள சாட்டிலைட் சிக்னல் ஒழுங்கா வராது, அப்ப போன் பக்கத்துல இருக்கிற வைஃபை, செல்போன் டவர வச்சு குத்துமதிப்பா ஒரு இடத்தக் காட்டும், டவர் மட்டும்தான்னா பல நூறு மீட்டர்கூடத் தள்ளிப் போகும். நெட் போயிட்டா பழைய இடத்துலயே நிக்கும், அவ படத்தத் தொட்டா எத்தனை நிமிஷத்துக்கு முன்னாடி அப்டேட் ஆச்சுன்னு வரும், அன்னைக்கு அதப் பாத்தீங்களா?

ஏமாத்தணும்னு நெனைக்கிற புள்ளைக்கு வழியா இல்ல, போனை ரூம்லயே வச்சிட்டுப் போயிடலாம், ஆண்ட்ராய்டுல பொய் லொகேஷன் காட்டுற ஆப்பே இருக்கு. கடைசில உண்மை பேசுறவதான் மாட்டிக்கிறா.

2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு போதைப்பொருள் வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. ஜாமீன்ல வர்றவர் கூகுள் மேப்ஸ்ல பின் போட்டு தான் இருக்கிற இடத்த விசாரணை அதிகாரிக்குக் காட்டணும்னு டெல்லி ஹைகோர்ட் நிபந்தனை போட்டிருந்துச்சு, அத எடுத்துட்டாங்க, ஒருத்தரோட நடமாட்டத்த எந்நேரமும் கண்காணிக்க வழி பண்ற நிபந்தனை அந்தரங்க உரிமைய மீறுதுன்னாங்க. வழக்குல மாட்டினவருக்கே அந்த உரிமை இருக்குன்னா ஒரு தப்பும் பண்ணாத உங்க பொண்ணுக்கு இல்லாமலா போயிடும்?

முதல்ல அந்த லைப்ரரி விஷயத்துக்கு ஒரு சாரி சொல்லிடுங்க, அம்மா சாரி சொன்னா குறைஞ்சிட மாட்டாங்க. அப்புறம் பயணத்துக்கு மட்டும் லொகேஷன் கேளுங்க. வாட்ஸ்அப் லைவ் லொகேஷன்ல 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு இருக்கு, நேரம் முடிஞ்சா தானா நின்னுடும். உக்கடத்துல பஸ் ஏறினதும் அனுப்பட்டும், டிராஃபிக்ல 1 மணி நேரம் பத்தாமப் போகலாம், அதனால 8 மணி நேரம் போட்டுட்டு வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுறப்ப நிறுத்திக்கட்டும். நீங்க தனியா வெளியூர் போறப்ப நீங்களும் அவளுக்கு அனுப்புங்க, இது ரொம்ப முக்கியம், அப்பதான் அவளுக்கு இது காவல்னு தோணாது. அவசரம்னா 112க்குக் கூப்பிடணும்னு ரெண்டு பேருமே மனசுல வச்சுக்கங்க.

கேள்வி: எனக்கு நிச்சயமாயிருக்கு. மாப்பிள்ளை எப்பவும் லொகேஷன் ஷேர் பண்ணுன்னு கேக்குறார், மறுத்தா எதையோ மறைக்கிறேன்னு நெனைப்பாரோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஒரு தடவ வேணாங்கன்னு மென்மையாச் சொல்லிப் பாருங்கம்மா. சரிம்மான்னு விட்டார்னா நல்ல மனுஷன், கோவிச்சுக்கிட்டு திரும்பத் திரும்பக் கேட்டா கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க வீட்ல பேசிடுங்க, தள்ளிப் போடாதீங்க. உங்க போன அவர் எப்பவாச்சும் வாங்கிப் பாத்திருந்தா, கூகுள் மேப்ஸ்ல உங்க போட்டோவத் தொட்டு லொகேஷன் ஷேரிங்ல யார் பேர் இருக்குன்னு இன்னைக்கே பாத்துடுங்க, நீங்க சேர்க்காத பேர் இருந்தா எடுத்துட்டு ஸ்க்ரீன் லாக் நம்பரையும் மாத்திடுங்க.