பூல் கேள்வி-பதில்: இந்த முறை முழுக்க பிரிட்ஜ் கைதான்

ஓப்பன் பிரிட்ஜா, மூடிய பிரிட்ஜா, எது சரி? (குடியாத்தம்)

இரண்டும் சரி. க்யூ கோலின் முன்பக்கத்தைத் தாங்க மேஜையில் ஊன்றுகிற கைதான் பிரிட்ஜ். கட்டைவிரல் இடுக்கில் க்யூவை வைத்தால் ஓப்பன், ஆள்காட்டி விரலை வளையமாக்கி அதற்குள் விட்டால் மூடியது. மெதுவான ஷாட்டுக்கும் தூரத்துப் பந்தைக் குழியில் போடவும் ஓப்பன் வசதி, க்யூ முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைப் பந்து மோதியபின் பின்னால் திரும்பி வரும்படி இழுக்கவும், ஆட்டத்தின் முதல் அடியான பிரேக்குக்கும் மூடிய பிரிட்ஜ், வேகத்தில் க்யூ மேலே எழும்பாது. வளையம் தொளதொளவென்று இருந்தால் மூடியும் பயனில்லை, இறுக்கினால் க்யூ உரசும். நம்ம உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி மாதிரி ஸ்னூக்கரில் வளர்ந்தவர்கள் பலமான ஷாட்டையும் ஓப்பனிலேயே அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் மூடினால்தான் பெரிய ஆட்டக்காரர் என்ற நினைப்பு வேண்டாம்.

பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரெயஸ் வீடியோ பார்த்து பிரிட்ஜை ஒரு அடிக்கு மேல் நீட்டினேன். பந்து எதுவும் குழியில் விழமாட்டேன் என்கிறது. (சத்துவாச்சாரி)

விழாது. அவர் சிறு வயதிலிருந்து அப்படியே அடித்துப் பழகியவர். வெள்ளைக்கும் கைக்கும் நடுவே 8 அங்குலத்தில் ஆரம்பியுங்கள், 10-ஐத் தாண்ட வேண்டாம், தட்டிவிடுகிற ஷாட்டுக்கு 6 போதும். நீளம் கூடக் கூட பின்கையின் சின்ன ஆட்டமும் க்யூ நுனியான டிப்பில் பெரிசாகிவிடும்.

அண்ணா, என் பிரிட்ஜ் சரியில்லை, என்ன பண்ணலாம்? (காட்பாடி)

எந்த ஷாட்டில், எந்த பிரிட்ஜில், பந்து எங்கே இருக்கும்போது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே தம்பி! இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்ல? பக்கவாட்டில் போனை வைத்துப் பத்து ஷாட் வீடியோ எடுத்துப் பார். அடிக்கும் முன்னாடியே கை எழும்புகிறதா என்று முதலில் பார், பாதிப் பேருக்கு அதுதான் வியாதி. உள்ளங்கையின் அடிப்பாகம் மேஜைத் துணியில் பதிந்திருக்க வேண்டும், பந்து நிற்கிற வரை கையை எடுக்கக் கூடாது.

வெயிலில் கை வியர்த்து க்யூ ஒட்டுகிறது, பவுடர் போட்டால் கிளப்பில் திட்டுகிறார்கள். இங்கே கம்பெனிகளில் மிஞ்சும் தோலில் கையுறை தைத்துக்கொள்ளலாமா? (ஆம்பூர்)

திட்டுகிறவர் பக்கம்தான் நியாயம். சித்திரை, வைகாசியில் நம்ம வேலூர்ப் பக்கம் எந்த கிளப்பிலும் பாருங்கள், ரெண்டு கேம் முடிவதற்குள் பிரேக் அடிக்கிற இடத்தைச் சுற்றி ஐந்து விரலும் பதிந்த வெள்ளைக் கைகளாக இருக்கும், கருப்பு பேன்ட்டின் தொடையிலும் அதே கை. அது பிரஷ் போட்டால் போய்விடும் என்று நினைக்கிறார்கள், போகாது, நெசவுக்குள் இறங்கி வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். பந்துகளும் அதை எடுத்துக்கொண்டு உருளும். துணி மாற்றுகிற செலவு ஆயிரக்கணக்கில், அது கடைசியில் உங்கள் மணிக்கணக்கு வாடகையில்தான் வந்து விழும். இத்தனைக்கும் க்யூவுக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை, ஈரப் பவுடர் க்யூவில் படிந்து முன்னைவிட அதிகமாக ஒட்டும், உடனே இன்னும் கொஞ்சம் பவுடர், இப்படியே டப்பா காலி. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாக ஈரம் போகத் துடையுங்கள், க்யூவை லேசான ஈரத்துணியாலும் உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் மூடுகிற லைக்ரா கையுறை, சில நூறு ரூபாய்தான். தோல் வேண்டாம், வியர்வையில் ஊறினால் க்யூவைப் பிடித்து நிறுத்தும், தடிமனால் விரலுக்கு க்யூ தெரியாது. பவுடர் போட்டே தீருவேன் என்றால் கட்டைவிரல் இடுக்கில் மட்டும் ஒரு சிட்டிகை, அதுவும் மேஜையை விட்டுத் தள்ளி நின்று.

வெள்ளைப் பந்து மேஜை ஓரத்துக் குஷனோடு ஒட்டிக்கொண்டால்? (ராணிப்பேட்டை)

கையைக் குஷன் கட்டைமேல் தட்டையாக வையுங்கள், கட்டைவிரலை உள்ளே மடக்குங்கள், க்யூ கட்டைமேலேயே படுத்துப் போகட்டும், ஆள்காட்டி விரல் மேலே தாண்டி வந்து பக்கத்தைப் பிடிக்கட்டும். பந்தின் மேல் பாதிதான் கிடைக்கும், அதனால் இழுக்க ஆசைப்படாதீர்கள். பின்பக்கத்தைத் தூக்காமல் சின்ன வீச்சாக அடியுங்கள்.

கை வைக்கிற இடத்தில் குறுக்கே இன்னொரு பந்து இருந்தால்? (ஆரணி)

விரல் நுனிகளை அகட்டி ஊன்றி, மணிக்கட்டை உயர்த்தி, மெதுவாக. க்யூ மேலிருந்து இறங்குவதால் நடுவை விட்டுத் துளி பக்கவாட்டில் (சைடு) பட்டாலும் வெள்ளை வளைந்து போகும், நட்ட நடுவில் அடியுங்கள். விரலோ சட்டையோ பந்தில் பட்டால் உலக விதிப்படி ஃபவுல். சில கிளப்பில் வெள்ளையில் பட்டால் மட்டும்தான் ஃபவுல், முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். பந்து நிற்கிற வரை கையை எடுக்காதீர்கள், இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரெஸ்ட் எடுத்தால் கூட்டாளிகள் கிண்டல் பண்ணுகிறார்கள். எக்கி அடிக்கலாமா? (ஆற்காடு)

கை எட்டாத இடத்தில் க்யூவைத் தாங்குகிற கோல்தானே, ரெஸ்டை எடுங்கள். மேஜைமேல் படுக்கவைத்து இடது கையால் அழுத்திப் பிடியுங்கள், கையில் தூக்கிப் பிடித்தால் ஆடும். எக்கும்போது ரெண்டு காலும் தரையை விட்டுப் போனால் அதுவும் ஃபவுல்தான்.