கடைசி அறைக்கு வைஃபை போக மாட்டேன் என்கிறதா? கேள்வி பதில்

ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. கடைசி படுக்கையறையில் ஒரே ஒரு கோடுதான் காட்டுகிறது. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கிவிடலாமா சார்?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது அதுதான், பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து நல்ல உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி மூன்றும் அலைக்கு ஆகாது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும் (கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான்), தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் பெரிய தடை. இணைப்பு வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே ரவுட்டர் இருக்க வேண்டும் என்றில்லை. மோடம் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் கருவி) தனிப் பெட்டியாக இருந்தால், அங்கிருந்து நீளமான லேன் கேபிள் போட்டு ரவுட்டரை நகர்த்திவிடலாம்.

என் ரவுட்டர் இரண்டு பெயர் காட்டுகிறது. 5 என்று இருப்பதுதான் வேகம் என்றார்கள். ஆனால் மாடியில் அது வருவதே இல்லையே?

வராதுதான். அது 5 கிகாஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடக் கூட சுவரைத் தாண்டும் திறன் குறையும். பக்கத்தில் உட்கார்ந்தால் 5, சுவர்களுக்கு அப்பால் போனால் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4-இல் வேறொரு தொல்லை உண்டு. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைவரிசைத் தடங்கள்) 1, 6, 11 மூன்றே. இவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, ரவுட்டர் அமைப்புகளில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில்தான் இயங்குகிறது, அதனால் சமையலறைப் பக்கம் ரவுட்டர் வேண்டாம்.

ரிப்பீட்டர் வாங்கி, சிக்னல் வராத அறையிலேயே மாட்டினேன். கோடு முழுக்கக் காட்டுகிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வாரம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிற கேள்வி இது. நீங்கள் பார்க்கும் கோடு, போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலானது. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நிலைமை என்று அது சொல்லாது. தனக்கே சரியாக எட்டாததை ரிப்பீட்டர் உங்களுக்கு எப்படித் தரும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். வைஃபை அளக்கும் செயலியில் அந்த இடம் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல நிலையில் இருக்கட்டும். மைனஸ் 60 என்றால் இன்னும் நல்லது, மைனஸ் 80 என்றால் வீண். இந்த அளவில் 3 டெசிபல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிடும், ஆகவே சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ஒரே ரேடியோவில் (அலையை அனுப்பி வாங்கும் பகுதி) வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சரியான இடத்தில் மாட்டினாலும் இது மாறாது.

பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?

தாராளமாக. என்னைக் கேட்டால் புது ரிப்பீட்டரைவிட இதுதான் மேல். கேபிள் மட்டும் இழுக்க வேண்டும். அமைப்புகளில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ (கேபிளில் வருவதை வைஃபையாகத் தருவது) என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம். பழைய ரவுட்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) முதன்மை ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். அது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2, ஏற்கெனவே வேறு எதற்கும் அந்த எண் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரி வழங்கும் வேலையை இரண்டு பெட்டிகள் செய்தால் குழப்பம்தான். கேபிளை வேன் (WAN, வெளி இணைப்புக்கானது) துளையில் செருகாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கானது) துளையில் செருகுங்கள். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் முதன்மை ரவுட்டரில் உள்ளபடியே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு.

கேட்-5இ (Cat 5e) வகை லேன் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் கொண்டுபோகும், வீட்டுக்கு அது தாராளம். ஆனால் அந்தப் பழைய பெட்டியின் துளை 100 மெகாபிட்தானா என்று பார்த்துவிடுங்கள். டபிள்யூபிஏ2 (WPA2) பாதுகாப்பு முறை கூட இல்லாத அளவுக்குப் பழையது என்றால் தூக்கிப் போடுங்கள்.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் மெஷ் என்பது விலை கூடிய ரிப்பீட்டர்தானே?

பாதி உண்மை. பெட்டிகளுக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொண்டால் அடிப்படை அதேதான். அந்தப் பேச்சுக்கென்றே தனி ரேடியோ வைத்த மூன்று பேண்ட் மாடல்களில் இழப்பு குறைவு. பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால்தான் மெஷ்ஷின் முழுப் பலன் கிடைக்கும். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், மெஷ் அதற்கு யோசனை மட்டுமே சொல்லும். பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் போன் தூரத்துப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொள்ளலாம், அதனால் நெருக்கமாக நான்கைந்து வைக்காதீர்கள்.

பெரிய ஆன்டெனா மாட்டினால் தூரம் கூடுமா?

பக்கவாட்டில் கூடும், மேலும் கீழும் குறையும். ஆன்டெனா புதிதாக சக்தி எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதைத் தட்டையாக்குகிறது. மாடி வீட்டில் நஷ்டமே. போனின் சக்தியும் குறைவு என்பதால், ரவுட்டரின் அலை போனுக்கு எட்டினாலும் போனின் அலை ரவுட்டருக்கு எட்டாமல் போகலாம்.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. மின்கம்பி வழியாக நெட் அனுப்பும் பெட்டி வேலை செய்யுமா?

வயரிங்கைப் பொறுத்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே ஃபேஸில் இருந்தால் நல்லது. நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் வேண்டாம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம் நடைமுறையில் வராது. திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். அதற்கு முன், கதவு ஓரமாக ஒட்டிப் போகும் தட்டையான லேன் கேபிள் ஒன்றைப் போட முடியுமா என்றும் பாருங்கள், அதற்குத் துளையே வேண்டாம்.