எம்.ஜி.எஃப். இன்னும் எத்தனை ஓடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரிட்டனில் எம்.ஜி.எஃப். ஸ்போர்ட்ஸ் கார் எத்தனை மிச்சம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். நானே கணக்குப் போட வழி உண்டா? – வாசகர், ஹாரோ

பதில்: உண்டு. 1995 முதல் 2002 வரை லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் தயாரானவை 77,269. ஆனால் அந்த எண்ணிலிருந்து கழிக்க ஆரம்பிக்காதீர்கள். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறியவையும் அதில் அடக்கம். வாகனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் பதிவேட்டிலிருந்து போக்குவரத்துத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாடல் வாரியான பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. எல்லோரும் எடுப்பது அதைத்தான். படிக்கிற விதத்தில்தான் கணக்கு மாறுகிறது.

முதல் சிக்கல் பெயர். ஒரே கார் 'எம்.ஜி.எஃப்.' என்றும் வெறும் 'எஃப்' என்றும், பின்னால் வி.வி.சி., டிராஃபி என்று வால் சேர்ந்தும் பல வரிகளில் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். 2002-இல் இதன் இடத்தைப் பிடித்த டி.எஃப்.-ஐயும் சேர்ப்பதானால் கூடுதல் கவனம் வேண்டும். 1953–55-இல் 9,600 தயாரான பழைய எம்.ஜி. ஒன்றுக்கும் டி.எஃப். என்றே பெயர். முதல் பதிவு ஆண்டு போட்ட பட்டியலை எடுத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

அடுத்தது ஸார்ன். சாலைக்கு வராத வண்டிக்கு வரி வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. கூரை திறக்கும் கார் என்பதால் பலர் குளிர்காலத்தில் ஸார்ன் போட்டு, வெயில் வந்ததும் வரி கட்டுவார்கள். ஜூன் இறுதிப் பட்டியலையும் டிசம்பர் இறுதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிசம்பரில் வரிப் பக்கம் குறைந்து ஸார்ன் பக்கம் ஏறியிருக்கும். அவை செத்த வண்டிகள் அல்ல, தூங்குகிறவை. ஆகவே 'ஓடுகிறது' என்பதற்கு ஜூன் மாத வரி எண்ணிக்கையே சரி. டிசம்பரை மட்டும் பார்த்து 'அழிந்துவருகிறது' என்று எழுதுவது பெரும் தவறு.

ஜூனிலும் ஸார்னில் இருப்பவற்றை அப்படியே கூட்டாதீர்கள். 2013 டிசம்பர் வரை ஸார்னை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒருமுறை போட்டால் போதும். எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூடாகத் தோட்டத்தில் கிடப்பதும் பட்டியலில் உயிரோடு இருக்கும். ஸார்னில் உள்ள 50 வண்டிகளின் நம்பரைச் சேகரித்து, அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். அதில் 20 வண்டி ஐந்து ஆண்டுக்கு மேல் சோதனைக்கே போகவில்லை என்றால், மொத்த ஸார்னில் 60 சதவீதத்தை மட்டும் மீட்கக்கூடியதாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு என்பது எங்கள் அளவுகோல். கறாராக வேண்டுமானால் மூன்று என்று வையுங்கள்.

பழைய பட்டியல்களில் வட அயர்லாந்து இருக்காது. அந்த வாகனங்கள் 2014-இல்தான் டி.வி.எல்.ஏ.வுக்கு மாறின. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒரே எல்லைக்குள் நில்லுங்கள்.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு நிறத்தில் எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டும். பட்டியலில் நிறம் இல்லையே? – வாசகர், நியூ மால்டன்

பதில்: மீன்வளத் துறையினர் ஏரி மீனை எண்ணும் முறைதான்: சில மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடிக்கும்போது அவற்றில் எத்தனை சிக்குகின்றன என்று பார்ப்பது. உதாரணத்துக்கு, விற்பனை விளம்பரங்களில் அந்த நிறத்தில் 120 நம்பர் எடுக்கிறீர்கள். கார் கண்காட்சிகளில் தனியாக 90. இரண்டிலும் வந்தவை 6. ஒவ்வொரு எண்ணோடும் ஒன்று கூட்டி, 121-ஐ 91-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து 1 கழித்தால் 1,572. அந்த நிறத்தில் மிச்சம் ஏறக்குறைய அத்தனை. இரண்டு பட்டியலிலும் வந்தவை பத்துக்குக் கீழே இருந்தால் விடை வெகுவாக ஆடும், இன்னும் சேகரியுங்கள். இரண்டு பட்டியலையும் கண்காட்சியிலேயே எடுத்தால் அதே ஆர்வலர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், விடை குறைந்துவிடும். நடுவில் ஃபேன்ஸி நம்பர் மாற்றிய வண்டியோ இரண்டு வண்டியாகத் தெரிந்து விடையை ஏற்றிவிடும்.

கேள்வி: ஸார்னில் கிடக்கும் எம்.ஜி.எஃப். மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: அது ஏன் நின்றது என்று தெரிந்தால் வாங்கலாம். பெரும்பாலும் ஹெட் காஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் காரின் அடித்தளத்துக்குக் கீழே நீண்ட குழாய்களில் போய் வருகிறது. குழாய் துருப்பிடித்துச் சொட்டினாலும், கூலன்ட் மாற்றும்போது காற்று முழுக்க வெளியேறாவிட்டாலும் எஞ்சின் சூடேறும். கூலன்ட் கொள்ளளவு குறைந்த இதன் கே-சீரிஸ் எஞ்சின் அதைத் தாங்காது. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மயோனைஸ் போல வெளிறிய பசை இருந்தால் சந்தேகம்தான். ஆனால் குட்டிப் பயணம் மட்டுமே போன வண்டியிலும் ஈரத்தால் அது வரும், கூலன்ட் டாங்கில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

காஸ்கெட்டை மட்டும் மாற்றித் தந்தால் திரும்பவும் போகும். சிலிண்டரின் உள்உறைகளான லைனர்கள் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே துளி எழும்பி நிற்க வேண்டும். அமிழ்ந்திருந்தால் எந்தக் காஸ்கெட்டும் பிடிக்காது. தொடக்ககால வண்டிகளில், ஹெட்டைப் பிளாக்கின் மேல் நகராமல் பொருத்தும் முளைகள் (dowel) பிளாஸ்டிக்கில் இருக்கும்; அவற்றை எடுத்துவிட்டு எஃகு முளை போட வேண்டும். ஹெட்டின் பத்து போல்ட்டுகளையும் வரிசைப்படி 20 நியூட்டன் மீட்டர் விசைக்கு இறுக்கி, பிறகு 180 டிகிரி, மீண்டும் 180 டிகிரி திருப்ப வேண்டும். மெக்கானிக் லைனர் உயரத்தை அளந்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங்குக்குப் பதில் வாயுவும் திரவமும் காரைத் தாங்கும் ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷனில் திரவம் கசிகிறது. இந்த யூனிட்கள் புதிதாகத் தயாராவதில்லை. டி.எஃப்.-இல் சாதாரண சுருள் ஸ்பிரிங்தான், அந்தத் தொல்லை இல்லை. கடைசியாக, காரின் அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் எஃகுச் சட்டமான சப்ஃபிரேமில் துருவைச் சோதிக்க ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வேறு வண்டி பாருங்கள்.