இந்தியாவில் எந்தெந்த வயதில் என்னென்ன சட்ட உரிமைகளும் பணப் பயன்களும் கிடைக்கின்றன?

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் வயதைக் கேட்டால் பாதிப்பேர் நடப்பு வயதைச் சொல்வார்கள். "அறுபது நடக்குது" என்றால் 59 நிறைந்திருக்கிறது என்று பொருள். சட்டத்துக்கு நடப்பு வயது கணக்கில் வராது, நிறைந்த வயதுதான் கணக்கு. பிறந்த நாள் விடியும்போதே அந்த வயது நிறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரல் 1 அன்று 60 ஆகிறவரை, வருமான வரிக்கு முந்தைய நாளான மார்ச் 31 அன்றே 60 நிறைந்தவராகக் கொள்ள வேண்டும் என்று 2016இல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையே விட்டது. ஒரு நாள் வித்தியாசத்தில் ஓராண்டுச் சலுகை அவருக்குக் கிடைக்கிறது.

எந்த வயதில் என்ன கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வயதில் எது கைவிட்டுப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. பணம் இழப்பது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உரிமை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை இறக்கும்போது கருவில் இருந்த குழந்தை உயிரோடு பிறந்தால் அதற்கும் பங்கு உண்டு. அவசரமாக வாரிசுச் சான்று வாங்கிச் சொத்தைப் பிரிக்கும் குடும்பங்கள் இதை விட்டுவிடுகின்றன. பிறகு பத்திரம் செல்லாமல் போய் நிற்கும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி, அதற்கு மேல் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று அலைச்சல் ஏறிக்கொண்டே போகும். மருத்துவமனையில் பிறந்தால் பதிவு தானாக நடந்துவிடும், ஆனால் பெயர் இடம் காலியாக இருக்கும். 12 மாதத்துக்குள் இலவசமாகவும், 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்று மட்டுமே. முந்தைய தலைமுறை டி.சி.யைக் காட்டிச் சமாளித்தது இவர்களுக்கு நடக்காது.

பெண் குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஒரு நாள் தாண்டினாலும் அஞ்சலகம் ஏற்காது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். வட்டி விகிதத்தைக் காலாண்டுதோறும் அரசு அறிவிக்கும்; 2024 தொடக்கத்தில் அது 8.2% ஆனது. இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: முதிர்வு என்பது பெண்ணுக்கு 21 வயதாகும்போது இல்லை, கணக்கு தொடங்கி 21 ஆண்டு ஆகும்போது. 9 வயதில் தொடங்கினால் 30 வயதில்தான் முழுப் பணம் வரும். பணம் கட்டுவது முதல் 15 ஆண்டு மட்டும். 18 நிறைந்தாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18 நிறைந்தபின் திருமணத்துக்காகக் கணக்கை முடித்தும் கொள்ளலாம்.

5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தின்போது ஆதார் சரிபார்ப்பு தோற்று நிற்பார்கள். 6 முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமை. 14 நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், கலை நிகழ்ச்சிகளில் நடிப்பதற்கும் மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. 10 வயதானால் வங்கி விதித்த வரம்புக்குள் சேமிப்புக் கணக்கைப் பிள்ளையே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. குற்றப் பொறுப்பில் 7 வயதுக்குக் கீழ் எதுவும் குற்றமே இல்லை, 7 முதல் 12 வரை பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். 18 வரை இளஞ்சிறார் நீதிச் சட்டம்தான். ஆனால் 16 நிறைந்தவர் கொடுங்குற்றம் செய்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று சிறார் நீதி வாரியம் ஆராயும்.

16 வயதில் 50 சிசிக்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு உரிமம் கிடைக்கும். இன்று சாலையில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல், ஆகவே அந்த உரிமத்தால் அவற்றை ஓட்ட முடியாது. 18க்குக் கீழ் பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று சாவியைக் கொடுப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை யோசிப்பதில்லை.

18தான் பெரிய திருப்பம். ஒப்பந்தம் செய்யலாம், உயில் எழுதலாம், வழக்குப் போடலாம். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903லேயே தீர்ந்த விஷயம். வாக்குரிமைக்கு 17 நிறைந்ததுமே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று 18 நிறைந்ததா எனப் பார்க்கும் தகுதித் தேதிகள் ஆண்டுக்கு நான்கு இருப்பதால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை.

மேஜரான அன்றே செய்ய வேண்டிய எழுத்து வேலையும் இருக்கிறது. மைனர் வங்கிக் கணக்கில் கார்டியன் கையெழுத்து அன்றோடு செல்லாது. புது மாதிரிக் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்காவிட்டால் வங்கி கணக்கை நிறுத்திவைக்கும், கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில்தான் அது தெரியவரும். மைனராக வாங்கிய பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது. எண் மாறாது, திருத்தத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

18இல் தொடங்கி 21இல் முடிந்துவிடும் உரிமை ஒன்று உண்டு. மைனர் பெயரில் இருந்த தனிச்சொத்தைத் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து மைனர் கார்டியன் சட்டப்படி அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வழக்குத் தொடரக் கெடு, மேஜரானதிலிருந்து 3 ஆண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பிரிக்கப்படாத பங்குக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக விற்கலாம். இடம் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மூலப் பத்திரங்களில் "மைனருக்காகத் தாயும் கார்டியனுமான" என்ற வரி வந்தால், நீதிமன்ற உத்தரவு எங்கே என்று கேளுங்கள். வில்லங்கச் சான்றில் இந்தக் குறை தெரியாது.

திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெண்ணுக்கும் 21 ஆக்க 2021இல் வந்த மசோதா மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 18க்கு முன் மணம் முடிக்கப்பட்ட பெண், 20 வயது நிறைவதற்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்ய மனுச் செய்யலாம்.

18 முதல் 40 வரை அடல் பென்ஷன் திட்டம். 60க்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால் 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 கட்டுகிறார், 39 வயதில் சேர்ந்தவர் 1,318. கணக்குப் போட்டால் முன்னவர் 42 ஆண்டில் கட்டுவது 1,05,840, பின்னவர் 21 ஆண்டில் கட்டுவது 3,32,136. 2022 அக்டோபரிலிருந்து வருமான வரி கட்டுபவர்கள் புதிதாகச் சேர முடியாது. எனவே பெரிய சம்பளம் வருவதற்கு முன் சேர்ந்துவிடுவது நல்லது. பிரதமர் ஜீவன் ஜோதி என்ற, ஆண்டுக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டில் 18 முதல் 50 வரை சேரலாம், 55 வரை தொடரும். பிரதமர் சுரக்ஷா என்ற 20 ரூபாய் விபத்துக் காப்பீடு 70 வரை. இரண்டிலும் 2 லட்சம். மே கடைசியில் ஆட்டோ டெபிட் நடக்கும்போது கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துபோகும். இறந்த பிறகு பாஸ்புக்கைப் புரட்டும் குடும்பத்துக்குத்தான் அது தெரியவரும்.

தேர்தலில் நிற்க ஊராட்சிக்கு 21, சட்டமன்றம், மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவருக்கு 35. பி.எஃப். உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் 25 வயது வரை, ஒரே நேரத்தில் இருவருக்கு.

பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில். குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். 9 ஆண்டு 6 மாதத்தையும் 10 ஆகவே கணக்கிடுவார்கள். ஓய்வூதியச் சம்பளத்தை, அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தை, சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் சூத்திரம். 20 ஆண்டு முடித்து 58இல் ஓய்வு பெற்றால் 2 ஆண்டு போனஸ் சேரும். 15,000 உச்சவரம்புச் சம்பளத்தில் 20 ஆண்டு என்றால் 15,000 × 22 ÷ 70, ஏறக்குறைய 4,714 ரூபாய். வேலை மாறும்போதெல்லாம் படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் உருவிவிடுவதுதான் பெரும் இழப்பு. அப்படிச் செய்தால் அதுவரை சேர்ந்த சேவை பூஜ்யம். பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தால் சேவை தொடரும். 50 வயதிலேயே முன்கூட்டி ஓய்வூதியம் வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4% வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடும்.

60 நிறைந்தால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடையும் பி.எஃப்.பும் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் 55 வயதிலேயே சேரலாம். 8.2% வட்டியில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சம் தாண்டினால்தான் வங்கி டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லையென்றால், 15எச் என்று பழகிப்போன சுய அறிவிப்பை ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் கொடுக்க வேண்டும், ஒரு முறை கொடுத்தால் போதாது. 60க்கு 3 லட்சம், 80க்கு 5 லட்சம் என்ற தனி வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பு.

பணத்தைவிட முக்கியமானது 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் கூடும். பெற்றோர் என்ற முறையில் மனுக் கொடுக்க 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. 52 வயதுத் தாயும் கேட்கலாம். பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தம் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம்.

ஆனால் எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறும் 23ஆவது பிரிவு, 60 நிறைந்த மூத்த குடிமக்கள் எழுதிக்கொடுத்த சொத்துக்குத்தான். 58இல் செட்டில்மென்ட் எழுதியவர் இந்தப் பிரிவை நம்பி இருக்க முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவசியம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் வந்த தீர்ப்புகள் கொஞ்சம் தாராளமானவை. சென்னை உயர் நீதிமன்றம் அன்பையே உள்ளடங்கிய நிபந்தனையாக ஏற்றது. இருந்தாலும் தீர்ப்பை நம்பாமல் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்: "பெறுபவர் என் ஆயுள்காலம் முழுதும் உணவு, உறைவிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் இந்த ஏற்பாட்டை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு." பத்திர எழுத்தர்களின் வழக்கமான மாதிரியில் இந்த வரி இருக்காது, கேட்டுச் சேர்க்க வேண்டும்.

70 நிறைந்தால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை. 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. கணவன் மனைவி இருவரும் 70 தாண்டியிருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. இங்கே வயது ஆதாரைப் பார்த்துத்தான் முடிவாகும். அந்தக் காலத்தில் குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று போட்ட தேதி இங்கே வந்து இடிக்கும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்தலாம், ஆகவே சரியான ஆவணம் கையில் வந்தபின் போங்கள். இழப்பீட்டு வழக்கு போன்றவற்றில் வயதை நிரூபிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றே மேல் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

75 நிறைந்தவருக்கு ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து வேறு வருமானம் இல்லாவிட்டால், வங்கியில் அறிவிப்புக் கொடுத்து வருமான வரிக் கணக்குத் தாக்கலிலிருந்து விடுபடலாம். 80 ஆனால் மத்திய அரசு ஓய்வூதியத்தில் அடிப்படையில் 20% கூடும், 85இல் 30%, 90இல் 40%, 95இல் 50%, 100இல் இரட்டிப்பு. ஆயுள் சான்றை நவம்பர் நெரிசலுக்கு முன் அக்டோபரிலேயே கொடுக்கலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இந்தக் கூடுதல் உண்டு. ஓய்வூதிய ஆணையில் அவர் பிறந்த தேதி இல்லாததால் பலருக்கு வராமலே போகிறது. கணவர் இருக்கும்போதே ஆணையை எடுத்துப் பார்த்து, தேதி இல்லையென்றால் பான் அட்டையோ பள்ளிச் சான்றோ வைத்துச் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள்.

85 தாண்டியவர் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். முன்பு 80 ஆக இருந்ததை 2024இல் உயர்த்திவிட்டார்கள். அதற்குப் படிவம் 12டியைத் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் வாக்குச்சாவடிக்கு நேரில் போவது தவிர வழியில்லை.