மைண்ட்ஃபுல்னெஸ், தன்கருணைப் பயிற்சிகள் மனநலத்துக்கு உண்மையிலேயே உதவுமா? எதில் தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக: "எனக்குப் பதற்றமும் அவ்வப்போது மனச்சோர்வும் இருக்கின்றன. மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடவே நானாகச் செய்துகொள்ள மைண்ட்ஃபுல்னெஸ், செல்ஃப் கம்பாஷன் என்று ஆப், ஆடியோ, இலவச வகுப்பு எல்லாம் ஏகப்பட்டது கண்ணில் படுகிறது. இவை நிஜமாகவே உதவுமா?"

உதவும். எனக்கு உதவுகிறது. ஒருமுறை வந்து போனதோடு நிற்காமல் திரும்பத் திரும்ப வருகிற மனச்சோர்வு எனக்கு. மாத்திரை, ஆலோசகருடன் பேசுவது, இந்தப் பயிற்சிகள் மூன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தியானம் இரண்டாவதாக வரட்டும். உங்களிடம் நீங்களே கனிவாக நடந்துகொள்ளும் பயிற்சியை, அதாவது தன்கருணையை (செல்ஃப் கம்பாஷன்), முதலில் எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் இந்த நேரத்தில் உடலிலும் மனத்திலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. கேட்க எளிது. மனம் உடைந்திருப்பவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் முதலில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்தான்: "நீ எதுக்குமே லாயக்கில்லை." மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், மனம் எங்கேயோ போய்விட்டது, அதற்கும் ஒரு திட்டு விழும், "இதைக்கூட உன்னால ஒழுங்கா செய்ய முடியல." "எனக்கு தியானமெல்லாம் சரிப்பட்டு வராது" என்று பலர் ஒதுங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர்கள் மேல் தப்பே இல்லை. தொடங்கிய இடம் அவர்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சிகள் எதற்காக உருவாயின என்று பார்த்தால் இது இன்னும் புரியும். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, நாள்பட்ட வலியோடும் நோயோடும் வாழ்ந்தவர்களுக்கானது. அதை மனச்சோர்வுக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள். அவர்களுடைய வகுப்பு, மனச்சோர்விலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க அமைக்கப்பட்டது. மனம் லேசாகச் சுணங்கினால் போதும், பழைய எண்ணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்து பெரிய சரிவாகிவிடும். அந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. 2000-ல் வெளியான முதல் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கு அது திரும்ப வந்தது. வகுப்புக்கும் போனவர்களில் அது 37 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்கு அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மொத்தத்தில் இது மீண்டு வந்தவர்களுக்காக அமைந்த வகுப்பு. ஆகவே, ஆழ்ந்த சோர்வில் இருக்கும் நாளில் நெடுநேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினால் கேட்காதீர்கள்.

இனி தன்கருணைக்கு வருகிறேன். 2003-ல் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியல் ஆய்வாளர் இதை மூன்று பகுதிகளாக வகுத்தார். கஷ்டத்தில் தன்னைக் கடிந்துகொள்ளாமல் கனிவாக இருப்பது ஒன்று. இந்தத் தவிப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை, மனிதர்கள் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று உணர்வது இன்னொன்று. வலியை ஒளிக்காமலும் அதில் மூழ்கிவிடாமலும் பார்ப்பது மூன்றாவது. கவனிப்பும் இதற்குள்ளேயே இருப்பதைப் பாருங்கள்.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். மனம் கனக்கும்போது, வேலைக்கு நடுவில் என்றாலும், ஒரு நிமிடம் நிற்பேன். "இப்போ கஷ்டமா இருக்கு" என்று சொல்லிக்கொள்வேன். "இப்படித் தவிக்கிறது நான் மட்டும் இல்லை" என்பது அடுத்தது. அப்புறம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இப்போ எனக்கு என்ன வேணும்?" என்று கேட்பேன். பதில் சில நேரம் தண்ணீர் குடிப்பது, சில நேரம் ஒரு வேலையைத் தள்ளிப்போடுவது, சில நேரம் ஒருவருக்கு போன் செய்வது. வார்த்தைகள் உங்கள் வாயில் வருகிற மாதிரி இருக்க வேண்டும், அது முக்கியம். ஆடியோவில் வருகிற அலங்காரமான வாக்கியங்கள் ஒட்டவில்லையென்றால், இதே நிலையில் உங்கள் நெருங்கிய நண்பர் அழுதுகொண்டு வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதே தொனியில் உங்களிடம் பேசுங்கள். எழுத வருமென்றால் அந்த நண்பருக்கு எழுதுவதுபோலவே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு இது ஆடியோவைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

"என்னை நானே தட்டிக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?" என்ற பயம் ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கிறது. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். கடினமான ஒரு தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் கருணையோடு இருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். யோசித்தால் இதில் வியப்பில்லை. தோற்றால் அடி நிச்சயம் என்றிருந்தால் யாருக்கு மறுபடி முயலத் தோன்றும்?

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் சொல்வதில்லை. கனிவாகப் பேசத் தொடங்கியதும் சிலருக்கு ஆறுதலுக்குப் பதிலாக அழுகையோ பழைய வலியோ பீறிட்டு வரும். மூடிய அறையில் எரிகிற தீ, கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டுக் குபீரென்று எழும் அல்லவா, நெஃப்போடு சேர்ந்து தன்கருணை வகுப்பை உருவாக்கிய கிறிஸ்டோஃபர் கெர்மர் இதை அப்படித்தான் விளக்குகிறார். திட்டு வாங்கியே வளர்ந்தவர்களுக்குக் கருணையே பயமாக இருக்கும் என்பதை பால் கில்பர்ட் என்ற பிரிட்டன் உளவியலாளரும் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படி நடந்ததுண்டு. அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, அறையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அந்த நேரத்தில் நிறுத்துவதும் கருணைதான். பதற்றம் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தையோ வெளியில் கேட்கும் ஒலியையோ பிடித்துக்கொள்ளலாம். பெரிய அதிர்ச்சியை அனுபவித்தவர்கள் இதையெல்லாம் தனியாகச் செய்யாமல் ஆலோசகர் துணையோடு செய்வது நல்லது.

எதை எடுப்பது என்பதற்கு வருவோம். என் முதல் பரிந்துரை, உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட, மன அழுத்தத்துக்கான படக் கையேடு. இலவசம், ஆடியோவும் உண்டு, பல மொழிகளில் கிடைக்கிறது. கனிவாக இருப்பதற்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு நேரத்தில் சில பக்கங்களுக்கு மேல் படிக்கத் தேவையில்லை. மனம் சோர்ந்தவருக்கு அதுவே பெரிய உதவி. அடுத்து, கிறிஸ்டின் நெஃப்பின் தளத்தில் உள்ள இலவசப் பயிற்சிகள். தியானத்துக்குத் தயார் என்று தோன்றும்போது யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் இலவச ஆடியோக்களில் மிகச் சிறியதை எடுங்கள். பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற தளம் கபட்-ஸின் முறையிலான எட்டு வார வகுப்பை முழுவதுமாக இலவசமாகத் தருகிறது. நல்ல வகுப்பு, ஆனால் தினமும் கணிசமான நேரம் கேட்கும். உடம்பில் தெம்பு இருக்கும் காலத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆப் எதுவானாலும் பரவாயில்லை, ஒன்று போதும். தொடர்ச்சியாக எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் அறிவிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அதையே காரணமாக்கித் தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் நாம்.

பலன் எவ்வளவு என்று எதிர்பார்க்கலாம்? 2014-ல் தியான வகுப்புகள் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை பலன் உண்டு என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விஞ்சியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. என் அனுபவமும் அதுதான். சரிவு வருவது நிற்கவில்லை, ஆனால் வந்ததைச் சீக்கிரம் கண்டுகொள்கிறேன், அதற்காக என்னைத் தண்டிப்பதில்லை. 2022-ல் வந்த இன்னோர் ஆய்வைக் காட்டி, "எட்டு வார வகுப்பு எஸிடலோப்ராம் மாத்திரைக்கு ஈடானது, இனி மாத்திரையே வேண்டாம்" என்று பகிர்கிறார்கள் (எஸிடலோப்ராம் என்பது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரை). தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்திய வாராந்திர வகுப்பு, தினமும் வீட்டுப் பயிற்சியோடு. இத்தகைய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல் எல்லாம் வரலாம். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லி நடக்க வேண்டியது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரை உடனே கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ தொடர்புகொள்ளுங்கள். அந்த எண்களைத் தெம்பாக இருக்கும் இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது எந்தப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள், அது ஆறுதல் தருகிறதா, கலக்கத்தைக் கூட்டுகிறதா என்று அவரிடம் சொல்லுங்கள்.