வாடகை கேட்காத செட்டியார்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில் நெடுங்காலமாக வசிக்கிறேன். மென்பொருள் துறையில் வேலை; ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்வேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பீட்டர்பரோவில், கலைஞர்கள் வந்து தங்கித் தங்கள் படைப்பு வேலையைச் செய்யும் மெக்டவல் என்ற உறைவிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களை உள்ளே அனுமதிக்கும் பதக்க நாளன்று அங்கே போய், காட்டுக்குள் தனித்தனியாக நிற்கும் எழுத்துக் குடில்களைப் பார்த்துவந்தேன். அது லாப நோக்கற்ற அமைப்பு. அதற்கு நன்கொடை தரவும், தன்னார்வலராக உழைக்கவும் விரும்புகிறேன்.

நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பாரதியும் புதுமைப்பித்தனும் பட்டினியில்தான் எழுதினார்கள், வேளாவேளைக்குச் சோறும் தனி வீடும் கொடுத்தால் எழுத்தாளன் சோம்பேறியாகிவிடுவான் என்கிறார்கள். அந்தப் பணத்தைத் தமிழுக்குக் கொடுக்கலாமே என்றும் கேட்கிறார்கள். ஒரு தமிழ் எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நான் பணம் கொடுக்கலாமா? தன்னார்வலராகப் போனால் இரவு உணவில் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து பேசவும் படம் எடுத்துக்கொள்ளவும் முடியுமா? வரிவிலக்கு பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல். நான் எழுத்தாளன் அல்ல. எனக்கு இதில் என்ன இடம் என்று தெரியவில்லை.

ந., நாஷுவா

அன்புள்ள ந.,

உங்கள் கடிதம் வந்தபோது பாரதியின் புதுச்சேரி ஆண்டுகளைப் பற்றித்தான் மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் நண்பர்கள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டினிதான் இலக்கியத்தைப் படைக்கிறது என்பது பசி அறியாதவர்கள் பரப்பிய பொய். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. பாரதி 1921இல் இறந்தபோது 39 வயது நிறையவில்லை. வறுமை இவர்களை எழுதவைத்தது என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது; எழுதவிடாமல் நிறுத்தியது என்பதற்கு அந்த இரண்டு வயதுகளே போதும். எழுதப்படாமல் போன புதுமைப்பித்தன் கதைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவை நம் கையில் இல்லை. கையில் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, பட்டினியிலும் எழுதினாரே என்று மெச்சுவது, அவரைச் சாகவிட்ட சமூகம் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழ்.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அவருடைய பத்திரிகை நுழைய முடியாமல் போய் அது நின்றுவிட்ட பிறகு, அவருக்கு நிலையான வருமானம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய மிகப் பெரிய கவிதைகள் அந்த ஆண்டுகளில்தான் பிறந்தன. எப்படி? அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஊரார் அழைத்த ஒருவர். வாடகைக்காக அவர் வருவார். பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்பார். வாடகையைப் பற்றிப் பேச்செடுக்காமலே எழுந்து போய்விடுவார். பாரதியோடு அந்நாளில் பழகியவர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற இளைஞருடைய மாந்தோப்பு இருந்தது. பாரதி நினைத்தபோது அங்கே போய் இருக்கலாம். குயிலைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை அந்தத் தோப்பில்தான் உருவானது. இன்றும் அந்த இடத்தைக் குயில் தோப்பு என்றே சொல்கிறார்கள். ஒரு வீடு, ஒரு தோப்பு, இரண்டு செட்டியார்கள். உங்கள் நண்பர்கள் பட்டினி என்று சொல்லும் அந்தக் காலத்தில் பாரதிக்கு வாய்த்தது, பதிவு எண்ணும் அலுவலகமும் இல்லாத ஓர் எழுத்தாளர் உறைவிடம். அதன் புரவலர்கள் பெயரைத் தமிழ் படித்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இனி உங்கள் மெக்டவலுக்கு வருகிறேன். நீங்கள் அங்கே குடில்களைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றை எழுப்பிய பெண்ணைப் பற்றி ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. மரியன் மெக்டவல் பயிற்சி பெற்ற பியானோ கலைஞர். ஜெர்மனியில் இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலிடம் மாணவியாகச் சேர்ந்து, பின்னர் அவரை மணந்தவர். 1896இல் பீட்டர்பரோவில் ஒரு பண்ணையை வாங்கினார். கணவர் இசையமைப்பதற்குக் காட்டுக்குள் மரத்தடிகளால் ஒரு குடில் எழுந்தது. மதியம் உணவுக் கூடையை அதன் வாசலில் வைத்துவிட்டு, குரல் கொடுக்காமல் திரும்பிவிடுவார். 1907இல் உறைவிடம் உருவானது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே எட்வர்ட் இறந்துபோனார். அவர் நோயுற்றிருந்தபோதே அவருடைய பெயரால் திரட்டப்பட்ட நிதிக்கு ஆண்ட்ரூ கார்னகி, ஜே. பி. மார்கன் போன்ற பெருஞ்செல்வர்கள் துணை நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் பெருஞ்செல்வர்களின் ஒருமுறைக் கொடையால் ஒரு சமையற்கட்டு ஆண்டு முழுவதும் எரியாது. அதற்காக மரியன், ஐம்பது வயதுக்கு மேல் மீண்டும் பியானோவின் முன் அமர்ந்து பயிற்சி செய்து, ஊர் ஊராக ரயிலில் போய்ப் பெண்கள் சங்கங்களில் வாசித்து, உறைவிடத்தின் தேவையைச் சொல்லி, பணம் திரட்டினார். அச்சங்கங்களில் இருந்தவர்களில் பலர் உங்களைப் போல எழுதாதவர்கள், ஆசிரியைகள், இல்லத்தரசிகள். நியூ ஜெர்சி பெண்கள் சங்கங்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில் எழுந்த குடில் நியூ ஜெர்சி என்ற பெயரோடே இன்றும் நிற்கிறது. 1938ஆம் ஆண்டுப் புயல் அந்தக் காட்டைச் சின்னாபின்னப்படுத்தியபோது மரியனுக்கு வயது 80. அந்த வயதிலும் அவர் கையேந்த வேண்டியிருந்தது.

அவர் தன்னுடைய இசையைக் கணவருக்காக ஒதுக்கி வைத்ததை நான் கொண்டாட மாட்டேன். அப்படி ஒதுங்கிய பெண்களை நம் வீடுகளில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். நான் மதிப்பது, ஒரு மனைவி ஒருவனுக்குச் செய்ததை, சம்பளம் பெறும் சமையற்காரர்கள் எல்லோருக்கும் செய்வதாக அவர் மாற்றியதை. இன்று அங்கே முப்பதுக்கு மேற்பட்ட குடில்கள். வந்து தங்குபவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மதிய உணவுக் கூடை இன்றும் வாசலில் ஓசையில்லாமல்தான் வைக்கப்படுகிறது. வில்லா கேதர், தார்ன்டன் ஒயில்டர், 1954இல் ஜேம்ஸ் பால்ட்வின் போன்ற அமெரிக்க எழுத்தாளர்கள் எல்லோரும் அந்தக் கூடையிலிருந்து சாப்பிட்டவர்கள்தான். அவர்களில் யார் சோம்பேறியானார் என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள்.

இந்தக் கூடையைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் நாவலை எழுதிய காலத்தில் எனக்கு இரண்டு சிறு குழந்தைகள்; மாமனார், மாமியார், ஓர் அறையும் கூடமும் கொண்ட வாடகை வீடு. கூடத்து மூலையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால், அடுப்பில் பால் வைத்திருக்கிறாயா என்று யாராவது கேட்பார்கள். இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. அவர் ஒருநாள் தன் மாடியறைச் சாவியைக் கொடுத்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மேலே போ என்றார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. நண்பகலில் மாடிப்படியின் மூன்றாவது படியில் ஒரு பித்தளைத் தூக்கு இருக்கும். அதன் மூடி கிண்ணென்று ஒலிக்கக் கூடாது என்பதற்காக, மூடிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு துண்டு வாழையிலையை மடித்து வைத்திருப்பார். உள்ளே புளிச்சோறோ மோர்ச்சோறோ, ஓரத்தில் ஒரு நார்த்தங்காய்த் துண்டு. நாவல் வெளிவந்து பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கண் சரியில்லை, நீயே கொஞ்சம் வாசி என்றார். இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

பின்னாளில் ஒரு செல்வர் தம் தோட்ட வீட்டில் தங்கி எழுதும்படி என்னை அழைத்தார். குளிரூட்டிய அறை, இரண்டு வேலைக்காரர்கள், வாசலில் கார். ஒவ்வொரு மாலையும் விருந்தினர்களை அழைத்துவந்து, எங்கள் வீட்டில்தான் எழுதுகிறார் என்று அறிமுகப்படுத்துவார். இன்று எத்தனை பக்கம் ஆயிற்று என்று காலையிலும் கேட்பார், இரவிலும் கேட்பார். அங்கிருந்து ஒரு பத்திகூடத் தேறவில்லை. அவர் கொடுத்தது டீச்சரம்மா கொடுத்ததைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் அதற்கு அவர் என்னிடமிருந்து வசூலித்தது, நான் எதற்காக அங்கே போனேனோ அதையே.

இப்போது உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. தன்னார்வலராகப் போனால் இரவு உணவில் எழுத்தாளர்களோடு உட்காரலாமா, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. பகல் முழுவதும் தனியாகக் கிடந்து, தன் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் களைத்துச் சாப்பிட வருகிற ஒருத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் ஆர்வத்துக்கும் பதில் சொல்லவேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? உழைப்பைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு நாற்காலியைக் கேட்டால் அது தொண்டல்ல, நுழைவுச்சீட்டு. இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் பாய் விரிக்க வந்தவர்கள் மதியத்துக்குள் மேடையேறிவிடுவதையும், சாயங்காலம் பாயைச் சுருட்ட யாரும் இல்லாமல் போவதையும் கண்டு மனம் கசந்தவள் நான்.

நிபந்தனை விஷயமும் அதே நோய்தான். மெக்டவலில் யார் தங்குவது என்பதை, அந்தந்தத் துறையைச் சேர்ந்த கலைஞர்கள் பெயர் வெளியிடப்படாத குழுக்களாக இருந்து, படைப்பின் மாதிரியைப் படித்து முடிவுசெய்கிறார்கள். பணம் கொடுத்தவருக்கு அதில் குரல் இல்லை, இருக்கவும் கூடாது. நீங்கள் தமிழருக்காகக் கேட்டால் வேறொருவர் தன் மருமகளுக்காகக் கேட்பார். தமிழ் எழுத்தாளர் அங்கே போகவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்கு வழி, நல்ல கதையொன்றை நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒருவருக்கு ஊதியம் கொடுப்பது. அதை நீங்கள் தனியாகச் செய்யலாம்.

தமிழுக்குக் கொடுக்கலாமே என்பவர்கள் பெரும்பாலும் எங்கும் கொடுக்காதவர்கள், அவர்களை விடுங்கள். உண்மையிலேயே இங்கும் கொடுக்க எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு இருக்குமானால், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டிருந்தால், வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்குரிய பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும். அமெரிக்க வரிவிலக்கை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். உங்கள் நிறுவனம், ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகத் தானும் ஒரு தொகை கொடுக்கிற நிறுவனமா என்பதையும் விசாரியுங்கள். ஒரு படிவத்தை நிரப்பினால் உங்கள் கொடை இரட்டிப்பாகலாம்.

எவ்வளவு கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன். பெருந்தொகையை ஒரே தடவையில் கொடுத்து மறப்பதைவிட, மாதந்தோறும் சிறு தொகையாக, எந்தச் செலவுக்கு என்று குறிப்பிடாமல் கொடுங்கள். புதிய கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைக்கும். நியூ ஹாம்ப்ஷயரின் பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் எரிபொருளுக்கும், கூரை ஒழுக்குக்கும், சமையற்காரரின் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது, ஏனென்றால் அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை. நீங்கள் அந்தக் குடில்களில் மரப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் பெயரைக் கையால் எழுதிவைக்கும் பலகைகள் அவை. அவற்றில் இன்னும் ஒரு பெயர் சேர்வதற்கு உங்கள் பணம் உதவும்.

எனக்கு என்ன இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு டீச்சரம்மா நினைவுதான் வந்தது, உங்கள் மீதிருந்த கோபமும் தணிந்தது. ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்வேன் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள வரி அதுதான். மெக்டவலுக்கு எழுதும்போது அதை முதலில் எழுதுங்கள்: கதவு, ஜன்னல் சட்டங்களைச் செப்பனிடத் தெரியும், இன்னின்ன நாள்களில் வரமுடியும் என்று. உங்கள் இலக்கிய ஆர்வத்தைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள். பதக்க நாளன்று வண்டிகளை நிறுத்துமிடத்தில் நின்று வழிகாட்டத்தான் ஆள் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அன்று காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். இப்போதைக்கு யாரும் தேவையில்லை என்று பதில் வந்தால், மனம் சுருங்காமல் அதே ஊரின் பொது நூலகத்துக்குப் போய்க் கேளுங்கள். 1833இல் பொது வரிப்பணத்தில் தொடங்கப்பட்ட இலவச நூலகம் அது. அத்தனை பழைய நூலகத்தில் ஒரு தச்சருக்கு வேலை இல்லாமலா போய்விடும்?

அன்புடன்.