வாசகர் கேள்வி: சுடாமலே படகைத் தடுக்க முடியுமா?

கேள்வி: போர்க்கப்பலை நோக்கிச் சந்தேகத்துக்குரிய படகொன்று விரைந்து வந்தால் சுட்டுத்தான் ஆக வேண்டுமா? உயிர்ச்சேதமின்றித் தடுக்கும் வழிகள் உண்டா? எங்கள் குடும்பத்தில் பலர் கடற்றொழில் செய்வதால் கேட்கிறேன்.
– வாசகி ஒருவர், முகத்துவாரம், கொழும்பு 15

பதில்: உண்டு. 2000 ஒக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலான யூ.எஸ்.எஸ். கோலின் அருகே வந்து சேர்ந்த சிறுபடகொன்று வெடித்ததில் 17 மாலுமிகள் உயிரிழந்தனர். நெருங்கும் படகோட்டியுடன் தொலைவிலிருந்தே பேசி, அவர் விலகாவிடின் காதைத் துளைக்கும் ஒலியால் விரட்டக்கூடிய நீள்தூர ஒலிக்கருவி அதன் பின்னரே உருவாக்கப்பட்டது. ஒலியை ஒரு கற்றையாகக் குவித்து அனுப்பும் இக்கருவியின் பெரிய வகைகள் ஒரு மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 150 டெசிபெல் எழுப்பும். மனிதக் காது 120 முதல் 130 டெசிபெல்லிலேயே வலிக்கத் தொடங்கிவிடும். 2005 நவம்பரில் சோமாலியக் கரைக்கு அப்பால் சீபோர்ன் ஸ்பிரிட் என்ற பயணிகள் கப்பலைக் கொள்ளையர் தாக்கியபோது இக்கருவியும் தீயணைப்புக் குழாய் நீரும் பயன்படுத்தப்பட்டன, கப்பல் தப்பியது.

கண்ணைக் கூசவைக்கும் லேசர் ஒளி இன்னொரு வழி. நிரந்தரமாகப் பார்வையைப் பறிப்பதற்கென்றே அமைந்த லேசர் ஆயுதங்களை 1995இல் ஏற்கப்பட்ட சர்வதேச நெறிமுறை தடைசெய்வதால், தற்காலிகமாகக் கூசச்செய்யும் அளவுக்கே இவை வடிவமைக்கப்படுகின்றன. சுழலியில் சிக்கி இயந்திரத்தை நிறுத்தும் மிதக்கும் கயிறுகளும் உண்டு; வலை சுழலியில் சுற்றிக்கொண்டால் படகு என்ன பாடுபடும் என்பதை உங்கள் வீட்டார் நன்கறிவர். நீர்ப்பீரங்கியைத் தீங்கற்றதென எண்ணிவிட வேண்டாம். 2024 மார்ச்சில் தென்சீனக் கடலில் சீனக் கரையோரக் காவற்கப்பல்கள் பீய்ச்சிய நீரால் பிலிப்பைன்ஸ் படகொன்றின் முன்கண்ணாடி நொறுங்கி நால்வர் காயமடைந்தனர்.

இவற்றுள் எதுவும் சாகத் துணிந்தவனை நிச்சயமாக நிறுத்திவிடாது. 30 நொட் வேகத்தில் வரும் படகு 500 மீற்றரை ஏறக்குறைய 32 விநாடிகளில் கடந்துவிடும். ஆனால் ஒலிக்கும் ஒளிக்கும் அஞ்சி விலகுபவர் யார், அவற்றைப் பொருட்படுத்தாமல் நேரே வருபவர் யார் என்று கப்பற்றலைவர் பிரித்தறிய இவை உதவுகின்றன. என் பார்வையில் இவற்றின் பெரும் பயன் அதுவே.

அந்தப் பிரித்தறிதல் பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் மொழி பேசுவோரின் இரத்தமே சாட்சி. 2012 ஜூலை 16 அன்று துபாய்க்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் வழங்கு கப்பலான றப்பஹனொக், நெருங்கி வந்த மீன்பிடிப் படகின்மீது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமடைந்தனர். எச்சரித்தோம் என்றது கடற்படை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றனர் உயிர் தப்பியோர். வெளியிணைப்பு இயந்திரத்தின் இரைச்சலிலும் நண்பகல் வெயிலின் கூச்சத்திலும், தெரியாத மொழியில் வரும் எச்சரிக்கை மீனவரைச் சென்றடையாமற் போகலாம் என்பதைக் கடற்படைகள் மனத்தில் கொள்ள வேண்டும். கருவி எவ்வளவு வலியதாயினும், அது சொல்வது கேட்பவருக்கு விளங்காவிட்டால் பயனில்லை.

மறுபுறம், கடற்படைகள் ஏன் நெடுநேரம் காத்திருப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம். 2006 ஒக்டோபர் 18 அன்று காலித் துறைமுகத்திலிருந்த கடற்படைத் தளம் படகுகளாலேயே தாக்கப்பட்டது.

ஆகவே உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள். போர்க்கப்பலுக்குக் குறுக்கே செல்ல வேண்டாம். வலை அந்தப் பக்கம் கிடந்தாலும் கப்பல் கடக்கும்வரை பொறுக்கட்டும். விஎச்எஃப் வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வைத்திருக்கட்டும். ஐந்தோ அதற்கு மேலோ குறுகிய ஊதொலிகள் அடுத்தடுத்துக் கேட்டால், உங்கள் போக்கு எங்களுக்கு விளங்கவில்லை என்று அந்தக் கப்பல் சொல்வதாகப் பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து, படகின் முகப்பைக் கப்பலிலிருந்து தெளிவாகத் திருப்பி, கைகள் தெரியும்படி நிற்கட்டும்.